குடும்ப வன்முறை வழக்குகள்: நீதித்துறை நடுவர்களுக்குப் பயிற்சி நடத்தும் முறை, படிப்படியாக

நடுவர்களுக்குக் குடும்ப வன்முறை வழக்குகள் பற்றிப் பயிற்சி நடத்த அழைக்கப்படும் வழக்கறிஞர்களுக்கும் மூத்த நீதிபதிகளுக்கும் சட்டப் பேராசிரியர்களுக்குமாக இதை எழுதுகிறேன். வேலூர் நீதிமன்றங்களில் பல வருடம் பெண்கள் தரப்பில் ஆஜரான பிறகே பயிற்சிகளில் பேசத் தொடங்கினேன்.

என் முதல் வகுப்பில் இரண்டு மணி நேரம் சட்டப் பிரிவுகளை வரிசையாகச் சொன்னேன். தேநீர் இடைவேளையில் ஓர் இளம் நடுவர் வந்து கேட்டார்: “மேடம், செக்‌ஷன் எல்லாம் படிச்சிட்டுதான் வந்திருக்கோம். நாளைக்குக் காலையில அந்தம்மா கூண்டுல ஏறி அழுதா, நான் முதல்ல என்ன கேக்கணும்?” கீழே உள்ள வரிசை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. ஒன்றரை நாள் பயிற்சிக்கு, பதினைந்திலிருந்து இருபது பேருக்கு இது பொருந்தும். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் எழுதும் பயிற்சி நடக்காது, பேச்சு மட்டும்தான் நடக்கும்.

1. முதலில் அனுமதி, பிறகு தேதி

நடுவர்களுக்கான பயிற்சி உயர் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் நடப்பது. சென்னையில் மாநில ஜுடிஷியல் அகாடமியும், கோவையிலும் மதுரையிலும் அதன் மண்டல மையங்களும் இருக்கின்றன. மாவட்ட அளவில் நடத்துவதானால் முதன்மை மாவட்ட நீதிபதி வழியாகத்தான் போக வேண்டும். தொண்டு நிறுவனம் ஹால் பிடித்து அழைப்பிதழ் அச்சடித்துவிட்டு, அதன் பிறகு நடுவர்களைக் கூப்பிடுவது தவறு. ஒரு தரப்பிடம் பாடம் கேட்டவர் என்ற பேச்சு நடுவருக்கு வரக் கூடாது. வந்தால் அதனால் பாதிக்கப்படுவது மனு கொடுத்த பெண்தான்.

அனுமதிக் கடிதத்தில் அபர்ணா பட் வழக்கைக் குறிப்பிடுங்கள். நீதிபதிகளின் பயிற்சியில் பாலினப் புரிதல் இடம்பெற வேண்டும் என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில் சொல்லியிருக்கிறது.

பயிற்சி கொடுப்பவர், அந்த நடுவர்கள் முன் தனக்கு நிலுவையில் உள்ள வழக்குகளின் பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அவற்றைப் பற்றி ஜாடையாகக்கூடப் பேசக் கூடாது. எதிரி தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில், ஆஜராகும் அனுபவமுள்ள குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரையும் நான் எப்போதும் உடன் அழைத்துக்கொள்கிறேன். ஏன் என்பதைப் பத்தாவது படியில் சொல்கிறேன்.

2. மூன்று நாள் கோர்ட்டில் உட்காருங்கள்

பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் படி இது. திறந்த நீதிமன்றத்தில் கடைசி வரிசையில் மூன்று நாள் உட்கார்ந்து, நடப்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரோ வழக்கு எண்ணோ வேண்டாம்.

பார்க்க வேண்டியது சின்னச் சின்ன விஷயங்கள். பெயர் கூப்பிடுவதற்கு முன் அந்தப் பெண் எங்கே நிற்கிறார்? கணவர் வீட்டார் எத்தனை அடி தூரத்தில் நிற்கிறார்கள்? கூப்பிட்ட பிறகு அவர் பேசியது எத்தனை நொடி? வாய்தா போட்டதை அவருக்கு யார் சொன்னார்கள்?

ஒருநாள் நான் பார்த்தது: கைக்குழந்தையோடு ஒரு பெண் காலை பத்து மணியிலிருந்து வராண்டாவில் நின்றார். மதியம் பெயர் கூப்பிட்டதும் உள்ளே ஓடினார். அவர் கூண்டை எட்டுவதற்குள் “எதிர்மனுதாரர் வக்கீல் டைம் கேக்கறாங்க” என்று அடுத்த தேதி போடப்பட்டுவிட்டது. வெளியே வந்து என்னிடம் கேட்டார், “அக்கா, என்னக் கூப்பிட்டாங்களா இல்லியா?” ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். பீஞ்சமந்தை மாதிரி மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வருகிறவருக்கு, திரும்பிப் போக வண்டி கிடைக்குமா என்ற கவலையும் சேரும். சாட்சிகள் ஏன் வராமல் போகிறார்கள் என்பதை நடுவர்களுக்கு விளக்க இந்த ஒரு காட்சி போதும்.

3. இரண்டு தடங்களையும் ஒரே பலகையில் எழுதுங்கள்

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும்.

பலகையின் இடப்பக்கம் குற்ற வழக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவு. கொடுமை என்றால் என்ன என்பது 86-ல். போலீஸ் நடத்தும் வழக்கு, ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது, மூன்றாண்டு வரை சிறை. வலப்பக்கம் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-வது பிரிவு மனு. அதில் கேட்பது பாதுகாப்பு, வீட்டில் வசிக்கும் உரிமை, பணம், குழந்தையின் பொறுப்பு. அது சிவில் தன்மை கொண்டது. எதிர்மனுதாரரைக் குற்றம் சாட்டப்பட்டவர்போல் நிறுத்துவதும், அவர் வராவிட்டால் உடனே பிடிவாரண்ட் போடுவதும் தவறு. வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு போடலாம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் வரையுங்கள். அது 31-வது பிரிவு. பாதுகாப்பு உத்தரவை எதிர்மனுதாரர் மீறினால், அந்த நொடியிலிருந்து அது குற்றம். ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 32-வது பிரிவு சொல்கிறது. பாதிக்கப்பட்டவரின் ஒற்றைச் சாட்சியத்தை வைத்தே குற்றம் நடந்ததாக முடிவுக்கு வரலாம் என்றும் அங்கேயே இருக்கிறது. உத்தரவு போட்ட நடுவரே முடிந்தவரை அதை விசாரிக்க வேண்டும்.

இந்தப் படம் ஒன்றரை நாளும் அழியாமல் சுவரில் இருக்கட்டும். ஒவ்வொரு கேள்வி வரும்போதும், “இது எந்தப் பக்கம்?” என்று திருப்பிக் கேளுங்கள்.

4. மாதிரிக் கட்டு ஒன்றைத் தயார்செய்யுங்கள்

கற்பனையான ஒரு குடும்பத்துக்கு முழுக் கட்டு, அதாவது வழக்கு ஆவணங்களின் முழுத் தொகுப்பு, உருவாக்குங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தின் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது), பிறகு போட்ட முதல் தகவல் அறிக்கை, 2005 சட்டத்தின் கீழ் நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலர் எழுதிய டி.ஐ.ஆர். (குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கை), அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சு, கணவரின் சம்பளச் சீட்டு. தாள்கள் உண்மையான கட்டுபோலவே மடங்கி, கசங்கி, கிறுக்கல் கையெழுத்தோடு இருக்க வேண்டும். சுத்தமாகத் தட்டச்சு செய்த கட்டைப் பார்த்துப் பழகியவர்கள் நிஜக் கட்டில் தவறவிடுவார்கள்.

வேண்டுமென்றே நான்கைந்து இடைவெளிகளை வையுங்கள். என் கட்டில் விபத்துப் பதிவேட்டில் “பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்” என்று இருக்கும். உடன் வந்தவர் என்ற இடத்தில் மாமியாரின் பெயர் இருக்கும். இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படிக்கிறார்களா என்பதுதான் சோதனை. மருத்துவரிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னவர் யார், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேட்காமல், அந்த வரியை மட்டும் வைத்துப் பெண் பொய் சொல்கிறார் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இன்னொரு இடைவெளி: வாட்ஸ்அப் அச்சுக்கு, பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லாமல் வையுங்கள். அதை எந்தக் கட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்பது தனி விவாதமாகும்.

டி.ஐ.ஆர். இல்லாத இரண்டாவது கட்டு ஒன்றும் வேண்டும். அந்த அறிக்கை வராமலேயே நடுவர் உத்தரவு போடலாம் என்று 2022-ல் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அப்படியிருந்தும், “டி.ஐ.ஆர். வரட்டும்” என்று மாதக்கணக்கில் வாய்தா போவதைப் பார்த்திருக்கிறேன்.

5. பயிற்சி நாள் காலை: வரவேற்புரை வேண்டாம், கட்டைக் கொடுங்கள்

ஒன்பதரைக்குக் கட்டைக் கையில் கொடுத்து நாற்பது நிமிடம் விடுங்கள். “இந்தப் பெண் இன்று உங்கள் முன் நிற்கிறார். முதல் ஐந்து கேள்விகளை எழுதுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள்.

ஏறக்குறைய எல்லாரும் எழுதும் முதல் கேள்வி, “ஏம்மா, சேர்ந்து வாழ விருப்பமா?” என்பதுதான். அதைக் குற்றமாகச் சொல்லிக்காட்டாதீர்கள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, மதியம் அதே கேள்விகளைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். “இன்று ராத்திரி எங்கே தங்குவீர்கள்? குழந்தைகள் இப்போது யாரிடம் இருக்கிறார்கள்? உங்கள் நகை, ரேஷன் கார்டு, சர்டிபிகேட் எல்லாம் எங்கே இருக்கின்றன?” என்ற கேள்விகள் தாமாகவே மேலே வந்துவிடும்.

6. சாட்சியத்தை அவர் சொன்ன சொல்லிலேயே பதிவு செய்வது

பயிற்சியில் அதிக நேரம் நான் இதற்குத்தான் ஒதுக்குகிறேன்.

ஒருவர் சாட்சியாக நடிக்கட்டும். அவர் சொல்கிறார்: “ராத்திரி சோறு போட லேட்டாயிடுச்சின்னு முடியப் புடிச்சி இழுத்தும்போயி செவுத்துல மோதுனாரு. கொயந்த எழுந்து அழுதுச்சு. கதவ வெளிய தாப்பா போட்டுட்டுப் போயிட்டாரு.” மற்றவர்கள் ஸ்டெனோவுக்குச் சொல்வதுபோல இதைச் சொல்லி எழுத வைக்கட்டும். பாதிப் பேருடைய தாளில், “எதிரி என்னைத் தாக்கினார், தகராறு ஏற்பட்டது” என்று இருக்கும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன காணாமல் போனது என்று கேளுங்கள். தலைமுடி போனது, சுவர் போனது. பார்த்த சாட்சியான குழந்தை போனது. வெளியே தாழ்ப்பாள் போட்டது போனது. அது சட்டவிரோதச் சிறைவைப்பு என்ற தனிக் குற்றம். “தகராறு” என்ற சொல் இரண்டு பேரையும் சம பங்காளி ஆக்கிவிடுகிறது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தாளைத்தான் பார்க்கும், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காது.

மொழிச் சிக்கல் இன்னொன்று, பழைய வட ஆற்காடு முழுக்க உண்டு. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் வீட்டில் உருது. ஆந்திர எல்லையோரம் தெலுங்கு. “தமிழ் தெரியுமா?” என்றால் “தெரியும்” என்பார்கள். சந்தைக்குத் தெரிந்த தமிழ் அது. படுக்கையறையில் நடந்ததைச் சொல்ல அது போதாது. மொழிபெயர்க்க உறவினர் யாரையும், இரு தரப்பிலிருந்தும், விடக் கூடாது. தமிழில் தடுமாறியதை முன்னுக்குப் பின் முரண் என்று எடுத்துக்கொண்டால் நியாயம் அங்கேயே போய்விடும்.

குறுக்கு விசாரணையில் அசிங்கப்படுத்துவதற்காகவே கேட்கும் கேள்விகளைத் தடுக்க நடுவருக்குச் சாக்ஷ்ய அதினியத்தின் 154, 155-வது பிரிவுகள் அதிகாரம் தருகின்றன. உண்மையைத் தெரிந்துகொள்ளத் தாமே கேள்வி கேட்க 168-வது பிரிவு இருக்கிறது. சாட்சி பிறழும்போது, அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும்போது, 168 முக்கியம். “இந்த சாட்சி சொல்ல யாராவது உங்களிடம் பேசினார்களா? இப்போது யார் வீட்டில் இருக்கிறீர்கள்?” என்ற இரண்டு கேள்விகளும் பதில்களும் பதிவில் ஏறினாலே, பிறகு தீர்ப்பு எழுதும்போது எடைபோட ஏதோ ஒன்று கையில் இருக்கும். இதைக் கேட்காமல் “பிறழ் சாட்சி” என்று முத்திரை மட்டும் குத்துவது பொதுவான தவறு.

7. இடைக்கால உத்தரவை அங்கேயே எழுத வையுங்கள்

நாற்பத்தைந்து நிமிடம் கொடுங்கள். 2005 சட்டத்தின் 23-வது பிரிவின் கீழ், மனுதாரரின் உறுதிமொழிப் பத்திரத்தை வைத்து, எதிர்த்தரப்பு வராத நிலையில் போடும் உத்தரவு.

முதல் சுற்றில் வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: “எதிர்மனுதாரர் மனுதாரரைத் தொந்தரவு செய்யக் கூடாது.” இந்த உத்தரவோடு ஒரு பெண் ராத்திரி பதினொரு மணிக்குக் காவல் நிலையத்துக்குப் போனால், பணியில் இருக்கும் ஏட்டு என்ன செய்வார் என்று கேளுங்கள். கணவர் தெருமுனையில் பைக்கை நிறுத்திக்கொண்டு நிற்கிறார். அது தொந்தரவா? ஒரே நாளில் நாற்பது முறை போன் அடிக்கிறார். அதுவா? ஏட்டுக்குத் தெரியாது. 31-வது பிரிவில் வழக்குப் போட்டாலும், எதை மீறினார் என்று காட்ட முடியாமல் விழுந்துவிடும்.

இரண்டாவது சுற்றில் இடம், செயல், வழி மூன்றும் பெயரோடு வர வேண்டும். கதவு எண்ணோடு வீட்டு முகவரி. வேலை செய்யும் இடத்தின் வாசல், பஸ் ஏறும் ஸ்டாப், குழந்தையின் பள்ளி. போன், வாட்ஸ்அப், வேறு ஆள் மூலம் சொல்லி அனுப்புவது. நகை, ஆவணங்களை எந்தத் தேதிக்குள், யார் முன்னிலையில் ஒப்படைப்பது. எந்தக் காவல் நிலையம் உதவ வேண்டும் என்பதும் உத்தரவிலேயே இருக்கட்டும். 19-வது பிரிவில் அதற்கு இடம் உண்டு. உத்தரவின் நகல் இரு தரப்புக்கும் காவல் நிலையத்துக்கும் இலவசமாகப் போக வேண்டும் என்பது 24-வது பிரிவு.

இந்தப் பயிற்சியில் அடிக்கடி விழும் பிழைகள் மூன்று. மாமியாரை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி எழுதுவது ஒன்று. பெண் எவர் மீதும் வெளியேற்ற உத்தரவு போடக் கூடாது என்று 19-வது பிரிவே தடுக்கிறது. வீடு மாமனார் பேரில் இருப்பதால் வசிக்கும் உரிமை கிடையாது என்று மறுப்பது இன்னொன்று. 2020-ல் சதீஷ் சந்தர் அஹுஜா தீர்ப்பு அந்தப் பழைய நிலையை மாற்றிவிட்டது. கடைசியாக, சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டிவிட்டது என்று மனுவைத் தள்ளுவது. நம் மாநிலத்திலிருந்தே போன காமாட்சி – லட்சுமி நாராயணன் வழக்கில், 12-வது பிரிவு மனுவுக்கு அந்தக் காலவரம்பு பொருந்தாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஜீவனாம்சத்துக்கு 2020-ன் ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பு சொல்லும் சொத்து, வருமான உறுதிமொழிப் பத்திரத்தின் படிவத்தையே கையில் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

8. கழுத்தைப் பிடித்தாரா என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள்

ஜாமீன் மனு விசாரணைக்கான பயிற்சி இது. ஒரு தடயவியல் மருத்துவரை ஒரு மணி நேரத்துக்கு அழையுங்கள்.

குரல்வளையை நெரித்ததில் வெளியே தழும்பே தெரியாமல் போகலாம். குரல் கம்மியிருக்கும், விழுங்கும்போது வலிக்கும், கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும், சிலருக்கு அந்த நேரத்தில் சிறுநீர் கழிந்திருக்கும். வெட்கத்தால் அதைச் சொல்ல மாட்டார்கள். ஒருமுறை கழுத்தை நெரித்தவரால் பின்னால் உயிருக்கே ஆபத்து வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்பது ஆய்வுகளில் உறுதியான ஒன்று. காயச் சான்றிதழில் “சாதாரணக் காயம்” என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் படி.

பிரிந்து வந்து சில வாரம்தான் ஆகிறதா, கொன்றுவிடுவேன் என்றாரா, ஆயுதமோ ஆசிட்டோ காட்டினாரா, குடி கூடியிருக்கிறதா என்ற கேள்விகளையும் அரசு உதவி வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கப் பழக்குங்கள். ஜாமீன் நிபந்தனையாக, பாதிக்கப்பட்டவரைப் போய்ப் பார்க்கவோ மன்னிப்புக் கேட்கவோ சொல்லக் கூடாது. அபர்ணா பட் தீர்ப்பு அதையும் தடுத்திருக்கிறது.

9. சமரசம்: எப்போது, எப்படி

85-வது பிரிவுக் குற்றம் நடுவர் முன் சமரசமாகத் தீர்த்துக்கொள்ளக்கூடியது அல்ல. 2005 சட்டத்தில் 14-வது பிரிவு கவுன்சிலிங்குக்கு அனுப்ப இடம் தருகிறது. ஆனால் அந்தக் கவுன்சிலிங்கில், அடித்ததற்கு நியாயம் கற்பிக்க எதிர்மனுதாரருக்கு இடமில்லை என்று அந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளில் விதி 14 சொல்கிறது. அதைத் தொடங்கும்போதே அவரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த விதியைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். சத்தமாகப் படிக்க வையுங்கள்.

சமரசத்துக்கு வந்திருக்கிறோம் என்று இருவரும் சொன்னால், அறையில் அந்தப் பெண்ணிடம் தனியாக ஒருமுறை கேட்பதை வழக்கமாக்கச் சொல்லுங்கள். 16-வது பிரிவு மூடிய அறை விசாரணைக்கு வழி தருகிறது. அம்மாவும் அண்ணனும் பக்கத்தில் நிற்கும்போது சொல்லும் “சரிங்கய்யா”வும் தனியாகச் சொல்வதும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. மனதார விரும்பித் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் பாதுகாப்பு உத்தரவு அமலில் இருக்கலாம். சேர்ந்து வாழ்வதற்கு அது தடையில்லை.

10. எதிரி தரப்பின் நியாயத்துக்கு ஒரு முழு அமர்வு

இதை விட்டால் அரங்கில் பாதிப் பேர் மனதை மூடிக்கொள்வார்கள், அது சரியும்கூட. 2014-ன் அர்னேஷ் குமார் தீர்ப்பு, தேவையில்லாத கைதையும் கண்ணை மூடிக்கொண்டு ரிமாண்ட் செய்வதையும் தடுக்கிறது. 2022-ன் கஹ்கஷான் கவுசர் தீர்ப்பு, கணவரின் சொந்தக்காரர் எல்லாரையும் பொத்தாம் பொதுவாகச் சேர்ப்பதைக் கண்டிக்கிறது.

பயிற்சி: மாதிரிக் கட்டில் எட்டு எதிரிகள் இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் நேராக, அவர் என்ன செய்தார், எந்தத் தேதியில், யார் சொல்கிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். வெளியூரில் இருக்கும் நாத்தனாருக்கு நேராக ஒன்றும் இருக்காது. கணவருக்கு நேராக ஒரு பக்கம் நிரம்பும். ஏழு பேர் மீது ஒன்றுமில்லை என்பதால் எட்டாவது ஆள் மீதுள்ளதும் பொய் என்று ஆகிவிடாது. இரண்டையும் ஒரே மனதில் வைத்திருக்கப் பழகுவதற்குத்தான் இந்த அட்டவணை.

11. இரண்டாம் நாள் காலை ஊழியர்களோடு

பெஞ்ச் கிளார்க், கோர்ட் போலீஸ், பாதுகாப்பு அலுவலர் மூவரும் நடுவர்களோடு ஒரே அறையில் உட்காரட்டும். அந்தப் பெண் முதலில் பார்ப்பது பெஞ்ச் கிளார்க்கின் முகத்தைத்தான். பேச வேண்டியது நடைமுறை: எதிர்த்தரப்பு நிற்காத காத்திருப்பு இடம் எது, கைக்குழந்தையோடு வந்தவரை முதலில் கூப்பிட முடியுமா, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ப்பது (சார்வு) ஏன் தாமதமாகிறது. முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள், முடிப்பது அறுபது நாளுக்குள் என்கிறது சட்டம். ஒரு கட்டு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்குகிறது என்று இவர்களால்தான் சொல்ல முடியும்.

12. மூன்று மாதம் கழித்து

நீதிமன்றப் பதிவேட்டிலிருந்தே, பெயரில்லாமல், மூன்று எண்ணிக்கை மட்டும் கேளுங்கள்: மனு வந்து முதல் விசாரணைக்கு எத்தனை நாள், இடைக்கால உத்தரவுக்கு முன் எத்தனை வாய்தா, உத்தரவில் முகவரியும் காவல் நிலையமும் இருக்கிறதா. தண்டனை விகிதத்தைக் கேட்காதீர்கள். தீர்ப்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பயிற்சி சொல்வதாக ஆகிவிடும்.

ஆண்டு இடமாறுதல் வழக்கமாகக் கோடையை ஒட்டி வரும். பயிற்சி பெற்றவர் போய்ப் புதியவர் வந்து உட்காருவார். பெஞ்ச் கிளார்க் பெரும்பாலும் அங்கேயே இருப்பார். அதனால் மாதிரிக் கட்டின் ஒரு பிரதியையும் உத்தரவின் இரண்டாம் சுற்று வடிவத்தையும் அவரிடம் கொடுத்து வையுங்கள். ஜூன் முதல் வாரத்தில் முதன்மை மாவட்ட நீதிபதிக்கு அடுத்த அனுமதிக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.